வங்கக்கரை பாலிமர்ஸின் இருபதாவது நிமிடம்

திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகும் சாலையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்ற வங்கக்கரை பாலிமர்ஸ் தொழிற்சாலையில், 2001ஆம் ஆண்டு ஜூன் மாதம் ஒரு சுற்றறிக்கை ஒட்டப்பட்டது. இனிமேல் இங்கே எதுவும் எழுதப்படாமல் நடக்கக் கூடாது என்றது அது. எழுதப்படாமல் ஏதாவது நடந்துவிட்டால் அது நடக்கவில்லை என்றே கருதப்படும் என்றும் சொன்னது. கீழே சுப்பராயன் கையெழுத்துப் போட்டிருந்தார். பதினோரு வருடம் ஸ்டோர்ஸில் சாக்குகளுக்கு நடுவே இருந்துவிட்டு, முந்தின வாரம்தான் தர மேலாளர் ஆனவர்.

கழிப்பறைக்குப் போவதை எந்த நோட்டில் எழுதுவது என்று கேட்டு அன்று மத்தியானமே மூன்று தொழிலாளர்கள் அவர் அறைக்குப் போனார்கள். அவர்கள் கிண்டல் செய்கிறார்கள் என்று சுப்பராயனுக்குத் தோன்றவில்லை. நல்ல கேள்வி என்று பாராட்டி, மாலைக்குள் ஒரு படிவம் தயாரித்துவிட்டார்.

அக்கம்பக்கத்தில் அந்தத் தொழிற்சாலைக்குப் பால் கம்பெனி என்று பெயர். உள்ளே பால் கிடையாது. மூக்கை அறுக்கும் வாடை கொண்ட அக்ரிலிக் மோனோமர் என்ற திரவத்தைச் சோப்புத் தண்ணீரில் கலக்கி, ரியாக்டர் என்ற மூடிய கொப்பரையில் எண்பது டிகிரிக்குச் சூடாக்கி, பெர்சல்பேட் என்ற உப்பைப் போட்டால், அது கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பிளாஸ்டிக் மணிகளாகித் தண்ணீரில் மிதக்கும். பார்க்கப் பால் மாதிரியே இருக்கும். உலர்த்தினால் மாவு. அந்த மாவை ஒரு வகை எண்ணெயில் குழைத்தால் பிளாஸ்டிசால் என்ற கூழ். கூழைக் காரின் அடிவயிற்றில் பூசிச் சூடு காட்டினால் ரப்பர் போல இறுகி, கல்லடியும் துருவும் அண்டாமல் காக்கும். மணிகள் சரியாக அமையாவிட்டால், கூழ் காருக்குப் போய்ச் சேரும் முன்பே பீப்பாய்க்குள் இறுகிவிடும்.

மணிகள் சரியாக அமைந்துகொண்டிருந்தன. அதற்குக் காரணம் ரியாக்டர் ஆபரேட்டர் சின்னப்பையன். வயது நாற்பத்தேழு. வியாசர்பாடியிலிருந்து சைக்கிளில் வருவார். பதினெட்டு வருடமாக அவர் செய்தது ஒரே வேலைதான். மோனோமரில் கொஞ்சத்தை மட்டும் ரியாக்டருக்குள் விட்டு உப்பைப் போடுவார். பிறகு ரியாக்டரின் தலையில் இருக்கும் வட்டக் கண்ணாடி வழியே உள்ளே பார்த்துக்கொண்டு நிற்பார். கலங்கலாக இருக்கும் தண்ணீரில் ஒரு கட்டத்தில் மெல்லிய நீலம் தட்டும். கரு பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்போதுதான் மீதி மோனோமருக்கான வால்வைத் திறப்பார். அது நான்கு மணி நேரம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். நீலம் வருவதற்கு முன் திறந்தால், உள்ளே போவது வேலை செய்யாமல் தேங்கும். தேங்கியதெல்லாம் சேர்ந்து ஒரே மூச்சில் வேலை செய்யத் தொடங்கினால் ரியாக்டர் தாங்காது.

இப்படி இருக்கையில், நகரத்துக்கு மேற்கே புதிதாக வந்த ஒரு கார் தொழிற்சாலை இந்த மாவை வாங்க முன்வந்தது. மாவு எப்படி இருக்கிறது என்று அது கேட்கவில்லை. தரச் சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டது. இல்லை. அதனால்தான் சுற்றறிக்கை, அதனால்தான் சுப்பராயன், அதனால்தான் ஜூலை மாதம் டை கட்டிய ஓர் ஆலோசகரும் வந்து சேர்ந்தார்.

நடப்பதையெல்லாம் கேட்டு எழுதுவது ஆலோசகரின் வேலை. ரியாக்டர் மேடையில் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு சின்னப்பையனைக் கேட்டார்.

"மீதி மோனோமர் வால்வை எப்போ திறப்பீங்க?"

"நீலம் தட்டினதும் தொறப்பேன் சார்."

"எத்தனை நிமிஷத்துல தட்டும்?"

"அத்த எப்டி சார் சொல்றது? ஒரு நாளு பதினஞ்சு நிமிசத்துல வந்துடும். மழ பேஞ்சு உப்பு ஈரம் குடிச்சிகினு இருந்தா நாப்பது ஆனாலும் வராது. நாமதான் நின்னு பாத்துகினே இருக்கணும்."

"அதை யார் பார்ப்பாங்க?"

"சின்னப்பையன்தான் சார்."

ஆலோசகர் எழுதிக்கொண்டார். கையேடு ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. ஆலோசகர் ஒரு வரியைக்கூட விடாமல் மொழிபெயர்த்ததால், 'ஒரு சிறுவன் எட்டிப் பார்த்து நீலமாகிவிட்டது என்று சொன்னதும் வால்வு திறக்கப்படும்' என்று அதில் அச்சாயிற்று. சான்றிதழ் தரும் நிறுவனத்திலிருந்து மூன்றே நாளில் பதில் வந்தது. உங்கள் தொழிற்சாலையில் எத்தனை சிறுவர்கள் வேலை செய்கிறார்கள் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

சுப்பராயன் அவசரக் கூட்டம் கூட்டினார். மீசையில் பாதி நரைத்த சின்னப்பையன் அந்தக் கூட்டத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இவர்தான் சார் அந்தச் சிறுவன்" என்றார் ஆலோசகர்.

"அது தெரியுது. ஆனா தெரியறது ஆதாரம் ஆகாது" என்றார் சுப்பராயன்.

பள்ளிச் சான்றிதழ் கேட்டார்கள். நாலாவது வரை படித்த பள்ளி இப்போது கல்யாண மண்டபமாக இருந்தது. ரேஷன் கார்டில் வயது இருந்தாலும் அது உணவுத் துறைக்கான வயது என்று ஒதுக்கப்பட்டது. கடைசியில் கம்பெனி டாக்டர் அவர் பல்லைப் பார்த்து, 'மேற்படியார் சிறுவன் அல்ல' என்று சான்று கொடுத்தார். இனி எல்லாப் பதிவுகளிலும் அவர் பெயர் 'சின்னப்பையன் (பெரியவர்)' என்றே எழுதப்பட வேண்டும் என்று தீர்மானம் ஆயிற்று. புது அடையாள அட்டையை அவர் மனைவி தாயம்மா வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? உன்னத் திட்டறாங்களா, கும்புடறாங்களா?"

"எனுக்கும் தெரில. ஆனா கையெழுத்து வாங்கிகினாங்க" என்றார் சின்னப்பையன்.

அடுத்த சிக்கல் நீலம். நீலம் என்றால் எந்த நீலம் என்று கையேட்டில் இல்லை. அதை முடிவு செய்ய ஐந்து பேர் கொண்ட குழு அமைந்தது. நீலத்துக்கு மாதிரி அட்டை வாங்க வேண்டும். எதை வாங்குவதானாலும் மூன்று கடைகளில் விசாரிக்க வேண்டும். அதனால் தங்கசாலையில் மூன்று பெயின்ட் கடைகளிலிருந்து மூன்று அட்டைகள் வந்தன. மொத்தம் அறுபத்துநாலு நீலங்கள். குழு ரியாக்டர் மேடையில் ஏறி, வெந்நீர் ஆவியில் வியர்த்துக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கண்ணாடிக்கு அருகே பிடித்துக் காட்டியது.

"இது எதுவும் இல்ல சார்" என்றார் சின்னப்பையன். "இதெல்லாம் சொவத்துக்கு அடிக்கிற நீலம். அது வேற. பால்ல தண்ணி கலந்தா கிளாஸ் ஓரத்துல ஒரு நெறம் தெரியுமே, அது."

"கம்பெனி ஆவணத்துல கலப்படப் பால்னு எழுதச் சொல்றீங்களா?"

"நான் எழுதச் சொல்லல சார். பாக்கத்தான் சொல்றேன்."

பார்ப்பதுதான் பிரச்சினை என்று குழு கண்டுபிடித்தது. பார்வையை அளக்க முடியாது, நேரத்தை அளக்கலாம். பழைய பதிவேடுகளை எடுத்துச் சராசரி போட்டார்கள். இருபத்தேழரை நிமிடம் வந்தது. புதிய படிவங்கள் அதற்குள் அச்சாகி வந்திருந்தன. நேரத்துக்கான கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் இருந்தது, அரைக்கு இடமில்லை. இருபத்தேழா இருபத்தெட்டா என்று ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ள வசதியாக இருபது என்று வைத்தார் சுப்பராயன். உப்புப் போட்ட இருபதாவது நிமிடத்தில் வால்வு திறக்கப்படும். நீலம் என்ற சொல் கையேட்டிலிருந்து நீக்கப்பட்டது.

அதை அறிவிக்கக் கேண்டீனில் கூட்டம் போட்டார்கள்.

"நண்பர்களே! மனுஷன் கண்ணை நம்பின காலம் முடிஞ்சுபோச்சு" என்று தொடங்கினார் சுப்பராயன். "கண்ணுக்கு வயசாகும். கண்ணு தூங்கும். கண்ணு யூனியன்ல சேரும். நிமிஷம் அப்படியில்ல. நிமிஷத்துக்கு அனுபவம் கிடையாது. அதனால கர்வம் கிடையாது. நானே இருக்கேன். ரியாக்டரைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. தெரியாததாலதான் என்னால விருப்புவெறுப்பு இல்லாம இந்த நடைமுறையை எழுத முடிஞ்சது!"

கைதட்டினார்கள். கைதட்டியவர்கள் வருகைப் பதிவில் கையெழுத்திட்டார்கள்.

கம்பெனிக்குத் தரக் கொள்கை என்று ஒன்றும் எழுதப்பட்டது. எட்டு வரி. எல்லோரும் மனப்பாடம் செய்ய வேண்டும். சான்றிதழ் நிறுவனத்திலிருந்து வரும் ஆடிட்டர் யாரை வேண்டுமானாலும் கேட்பார். இரண்டாவது ஷிப்டு ஆபரேட்டர் ஹென்றி, ராயபுரத்துக்காரன், சின்னப்பையனிடம் வேலை கற்ற நாளிலிருந்து அவருக்குத் தோஸ்து, ஒத்திகையில் ஒரு பிசகும் இல்லாமல் ஒப்பித்துவிட்டு, பழக்கத்தில் 'ஆமென்' என்று முடித்தான். அது கொள்கையில் இல்லாத சொல் என்று சுப்பராயன் மறுபடி ஒப்பிக்கச் சொன்னார். மறுபடியும் 'ஆமென்' வந்தது. மூன்றாம் முறை அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு நிறுத்தினான்.

ஆடிட் அக்டோபர் கடைசியில், மழைக்காலத்தில் நடந்தது. ஆடிட்டர் வம்பு பேசாத ஆள். கையேட்டைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு ரியாக்டர் மேடையில் வந்து நின்றார். பக்கத்தில் சுப்பராயன். சின்னப்பையன் உப்பைப் போட்டார். ஆடிட்டரின் கைக்கடிகாரத்தில் பத்து மணி. பத்து இருபதுக்கு எல்லோரும் வால்வைப் பார்த்தார்கள். சின்னப்பையன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திறங்க" என்றார் சுப்பராயன்.

"இன்னும் வரல சார்."

"இருபது ஆயிடுச்சு."

"இருபது ஆயிடுச்சி சார். நீலம் ஆவல."

"இவர் எதுக்காகக் காத்திருக்கார்?" என்று கேட்டார் ஆடிட்டர்.

"எதுக்கும் காத்திருக்கல சார்" என்றார் சுப்பராயன் வியர்த்துக்கொண்டே. "நடைமுறையை மனசுக்குள்ள ஒரு தடவை ஓட்டிப் பாக்கறார்." பிறகு சின்னப்பையன் காதருகே குனிந்தார். "யோவ், உன் கால்ல விழறேன், திற."

நாலைந்து மாதமாக அவர்கள் சொன்ன எல்லாவற்றுக்கும் சின்னப்பையன் தலையாட்டியிருந்தார். பெயருக்குப் பக்கத்தில் பெரியவர் என்று போட்டதையும் பொறுத்துக்கொண்டார். இதற்குத் தலையாட்ட முடியவில்லை. வெளியே லோடு ஏற்ற ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள்.

"ஆவாது சார்" என்றார்.

பத்து முப்பத்தெட்டுக்கு நீலம் தட்டியது. வால்வைத் திறந்தார். அன்று மாலை பரிசோதனைக் கூடத்தில் அந்தச் சரக்கைச் சோதித்தார்கள்; அந்த வருடத்தின் மிகச் சிறந்த சரக்கு அதுதான். ஆடிட்டர் சிவப்புச் சீட்டு எழுதினார். 'வால்வு பதினெட்டு நிமிடம் தாமதமாகத் திறக்கப்பட்டது. பொருள் நன்றாக வந்திருப்பது கவனத்தில் கொள்ளப்பட்டது, அது தற்செயல்.'

சிவப்புச் சீட்டு வந்தால் தவறுக்கு மூல காரணத்தைக் கண்டுபிடித்து ஒழிக்க வேண்டும். குழு மூன்று முறை கூடி மூல காரணம் ரியாக்டரின் கண்ணாடி என்று கண்டுபிடித்தது. கண்ணாடி இருந்ததால்தானே பார்த்தார்? தரக் கொள்கையைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, கண்ணாடியை முழுவதுமாக மறைத்து ஒட்டினார்கள். சின்னப்பையனை ரியாக்டரிலிருந்து இறக்கி, இரண்டு வாரம் கேண்டீனில் பயிற்சிக்கு உட்கார வைத்தார்கள். பயிற்சியின் பெயர் 'கண்ணைச் சார்ந்திராமை'. பகல் ஷிப்டுக்கு ஹென்றி வந்தான்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், சின்னப்பையனுக்குத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. முதல் கேள்வி: கண் ஓர் அளவுகருவியா? ஆம் அல்லது இல்லை எனக் குறிப்பிடுக. மூன்று நாளாக விடாத மழை. உப்பு மூட்டையைத் தொட்டால் கை பிசுபிசுத்தது. மேடையில் ஹென்றி உப்பைப் போட்டுவிட்டு, கண்ணாடி இருந்த இடத்தில் தரக் கொள்கையை வாசித்துக்கொண்டு நின்றான். இருபதாவது நிமிடத்தில் சுப்பராயன் தலையசைத்தார். ஹென்றி திறந்தான்.

ஒன்றரை மணி நேரம் ஒன்றும் நடக்கவில்லை. எவ்வளவு அமைதியாக நடக்கிறது பார் என்று சொல்லிவிட்டு சுப்பராயன் டீ குடிக்கப் போனார். பிறகு வெப்பமானியின் முள் எண்பதிலிருந்து நகர ஆரம்பித்தது. எண்பத்தைந்து. தொண்ணூற்றிரண்டு. ஹென்றி மோனோமர் வால்வை மூடிவிட்டு, கூலிங் தண்ணீரைத் திறக்கும் சக்கரத்தை இரண்டு கையாலும் திருப்பினான். அது பாதியில் இறுகி நின்றது. விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். கீழே ஆட்கள் இருந்தார்கள். அவன் தோளைக் கொடுத்துத் திருப்பினான். சக்கரம் திறந்துகொண்ட அதே நேரத்தில் அழுத்தம் மீறினால் உடைவதற்கென்று மேலே வைத்திருந்த பாதுகாப்புத் தகடு வெடித்தது.

கேண்டீனில் தரை அதிர்ந்தது. சின்னப்பையன் விடைத்தாளைப் போட்டுவிட்டு ஓடினார். கொதிக்கும் வெள்ளை நுரை மேடையிலிருந்து வழிந்து, கூரையில் கொட்டி, முற்றத்தில் நின்ற மூன்று கார்களையும் மூடியிருந்தது. காரின் அடிவயிற்றுக்காகத் தயாராகும் பொருள் முதல்முறையாகக் காரின் தலையில் இறங்கியிருந்தது. ஹென்றி படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். வலது கை முழங்கை வரை வெந்திருந்தது. சக்கரத்தை அவன் கடைசிவரை விடவில்லை. சின்னப்பையன் அவனைக் குழாயடிக்கு இழுத்துப்போய்த் தண்ணீரைத் திறந்துவிட்டார்.

"மாமு, தெரியவே இல்ல மாமு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னான் ஹென்றி. "கொள்கதான் தெரிஞ்சிச்சு."

கம்பெனி ஜீப்பில் அவனை ஏற்றினார்கள். வாசலில் காவலாளி தடுத்தார். வெளியே போகும் எதற்கும் இப்போது கேட் சீட்டு வேண்டும். சுப்பராயன் மழையில் ஓடிவந்து, நனைந்த சீட்டைக் காவலாளியின் முதுகில் வைத்து எழுதினார். வெளியே செல்வது: ஒன்று. நிலை: சேதம். அடுத்த கட்டத்தில் அவர் பேனா நின்றது. 'திரும்பி வருமா, வராதா' என்று இருந்தது.

"இதுல என்ன போடறது?" என்று உண்மையாகவே கலங்கிப்போய்க் கேட்டார்.

"திரும்பி வருவான்யா!" என்று கத்தினார் சின்னப்பையன். அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. "கேட்டத் தொற!"

ஹென்றி பிழைத்தான். வலது கையின் விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி மடங்கிக்கொண்டன. விசாரணை பத்து நாள் கழித்து நடந்தது. நிர்வாக இயக்குநரே தலைமை தாங்கினார். ஹென்றியின் மனைவி கிறிஸ்டினா புருஷன் சார்பாக வந்திருந்தாள். சின்னப்பையன் தன் வாக்குமூலத்தை எழுதிக் கொடுத்தார்: 'நீலம் வராமல் திறந்ததால் வெடித்தது.' சுப்பராயன் அதில் ஒரு சொல்லை அடித்தார். நீலம் என்ற சொல்லுக்குக் கையேட்டில் விளக்கம் இல்லை. மிச்சம் இருந்தது: 'வராமல் திறந்ததால் வெடித்தது.' அதற்கு அர்த்தம் இல்லை என்று முழுவதையும் நீக்கினார்கள்.

நிர்வாக இயக்குநர் எழுந்து பேசினார். "விபத்து நடந்தது வருத்தம்தான். ஆனா ஒண்ணைப் பெருமையோட சொல்லணும். இதுக்கு முன்னாடி நம்ம தொழிற்சாலையில எது நடந்தாலும் யார் தப்புன்னு தேட வேண்டியிருந்தது. இந்த விபத்து அப்படியில்ல. ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் நடைமுறைப்படி நடந்திருக்கு. ஒரு கையெழுத்து விட்டுப்போகல. இப்படி ஒரு ஒழுங்கான விபத்தை நான் என் அனுபவத்துல பார்த்ததில்ல."

கிறிஸ்டினா எழுந்தாள். "சார், எல்லாம் எழுதின மாதிரியே நடந்திச்சின்றீங்களே, அவரு கை வேவணும்னு எந்தப் பக்கத்துல எழுதியிருந்தீங்கோ?"

சுப்பராயன் சாட்சிக் குறிப்பைப் புரட்டினார். "கூலிங் சக்கரத்தை அவர் தோளால திருப்பினதா சாட்சி இருக்கு. தோளை உபயோகிக்கறது கையேட்டுல இல்லம்மா. அந்த ஒரு இடத்துலதான் அவர் நடைமுறையை மீறியிருக்கார். அதை நாங்க பெருந்தன்மையா விட்டுட்டோம்."

கிறிஸ்டினா அவரை ஏறிட்டுப் பார்த்தாள். "அவரு அன்னிக்கு உங்க நடமுறயப் பாத்திருந்தா, இன்னிக்கு இந்த ரூம்பே இருந்திருக்காது. நீயும் இருந்திருக்க மாட்ட" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். மரியாதை பாதியில் நின்றுபோனதை நடவடிக்கைக் குறிப்பில் எழுதுவதா என்று எழுத்தர் கேட்டார். வேண்டாம் என்றார்கள்.

ஜனவரியில் சான்றிதழ் வந்தது. ஆடிட்டர் மறுபடி வந்து பதிவுகளைப் பார்த்து, முன்பு எழுதிய குறை முழுவதுமாகக் களையப்பட்டுவிட்டது என்று எழுதிக் கொடுத்தார்.

கெட்டுப்போன ரியாக்டருக்குப் பதிலாக வந்த புது ரியாக்டரை ஓட்ட ஆள் இல்லாததால் சின்னப்பையன் மறுபடி அழைக்கப்பட்டார். வேலைக்குச் சேருவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ராயபுரத்தில் ஹென்றியின் வீட்டுக்குப் போனார். ஹென்றி இடது கையால் டம்ளரைப் பிடிக்கப் பழகிக்கொண்டிருந்தான்.

"நான் போவலாம்னு இல்ல ஹென்றி. இருவது நிமிசத்துல தொறன்னு சொன்னா என்னால ஆவாது. பாத்துட்டுத் தொறந்து முப்பதுன்னு எழுதினா மறுக்கா செவப்புச் சீட்டு."

"முப்பதுல தொற மாமு. இருவதுன்னு எழுதிடு."

"பதினெட்டு வருசமா ஒரு நம்பர மாத்தி எழுதினதில்ல நானு."

"மாமு, நெசத்த எழுதின நீ கேண்டீன்ல குந்தின. எழுதினதச் செஞ்ச நான் இப்டி கெடக்கறேன். உனுக்கு எழுத மனசு வரலன்னா வுடு. அந்த நோட்டு வேலைக்கு என்னப் போடச் சொல்லு. நான் எழுதறேன்."

அப்படித்தான் ஹென்றி பதிவு எழுதுபவன் ஆனான். கை பாதிக்கப்பட்டவருக்கு இலகுவான வேலை என்று நிர்வாகமே அதை அறிவித்துப் பத்திரிகைக் குறிப்பும் கொடுத்தது. புது ரியாக்டரின் கண்ணாடி மேலும் தரக் கொள்கை ஒட்டப்பட்டது. ஆவி பட்டு ஒரு மூலையில் பசை விட்டுக்கொண்டது. சின்னப்பையன் அந்த மூலையை ஒற்றை விரலால் தூக்கிப் பிடித்து, முகத்தை ஒட்ட வைத்துப் பார்ப்பார். நீலம் வந்தால் திறப்பார். அது எத்தனையாவது நிமிடமாக இருந்தாலும் ஹென்றி இடது கையால் இருபது என்று எழுதுவான். முதல் வாரம் அவன் எழுதும்போதெல்லாம் சின்னப்பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு பழகிவிட்டது. ரியாக்டர் ஒரு நாளும் தும்மவில்லை. கார் தொழிற்சாலை மாவைக் கேட்டுக் கேட்டு வாங்கியது.

வருடக் கடைசியில் சுப்பராயன் பதிவுகளை வைத்து ஒரு வரைபடம் போட்டார். முந்நூறு முறை வால்வு திறந்திருக்கிறது. முந்நூறும் சரியாக இருபதாவது நிமிடம். ஸ்கேல் வைத்து இழுத்தது போல ஒரு கோடு. அவருக்கே கண் கலங்கியது. அதை ஒரு தேசிய விருதுக்கு அனுப்பினார். டில்லியிலிருந்து மதிப்பீட்டாளர் ஒருவர் வந்தார். மொழி தெரியாதோ என்று பயந்தார்கள், தஞ்சாவூர்க்காரராம்.

அன்றும் மழை. சின்னப்பையன் உப்பைப் போட்டார். மதிப்பீட்டாளர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார். சின்னப்பையன் காகிதத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டு அதன்மேல் முகத்தை வைத்தார்.

"தொழிலாளி ஒருத்தர் தரக் கொள்கையை இவ்வளவு நெருங்கி வாசிச்சு நான் எங்கயும் பார்த்ததில்ல" என்றார் மதிப்பீட்டாளர் மெதுவாக. சுப்பராயன் பெருமையோடு அதையும் குறித்துக்கொண்டார்.

நீலம் தட்டியது. சின்னப்பையன் திறந்தார். ஹென்றி எழுதினான். மதிப்பீட்டாளர் தன் கடிகாரத்தையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என் வாட்ச்ல முப்பத்தொண்ணு காட்டுதே?"

சுப்பராயனுக்கு முகம் வெளுத்தது. சின்னப்பையன் திரும்பி, கடிகாரத்தை மரியாதையோடு பார்த்தார்.

"எங்க வாங்கினது சார்?"

"நேத்து, பர்மா பஜார்ல."

"அதான் சார். அங்க வாங்கினா அப்டித்தான். மழையக் கண்டா ஓட்டம் எடுத்துடும். நோட்டுல பாருங்கோ, முந்நூறு வாட்டி இருவது கீது. முந்நூறும் பொய் சொல்லுமா?"

மதிப்பீட்டாளர் முந்நூறு இருபதுகளையும் புரட்டிப் பார்த்தார். கடிகாரத்தைக் கழற்றி இரண்டு தட்டுத் தட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு அறிக்கை எழுத உட்கார்ந்தார். விருதுக்குத் தகுதி என்று எழுதினார். ஆனாலும் எந்த அறிக்கையிலும் ஒரு குறையாவது சொல்ல வேண்டும் என்பது அவர்கள் விதி. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, நோட்டைச் சுட்டிக் காட்டினார்.

"இந்தக் கையெழுத்துதான் கோணலா இருக்கு. படிக்கச் சிரமமா இருக்கு. சரிசெய்யணும்."

"பதினைஞ்சு நாள்ல சரிசெஞ்சிடறோம் சார்" என்று குறித்துக்கொண்டார் சுப்பராயன். "ஹென்றி, திங்கட்கிழமைலேருந்து நீ கையெழுத்துப் பயிற்சிக்குப் போகணும்."

ஹென்றி பேனாவை மேசையில் வைத்தான்.

"எந்தக் கைக்கு சார்?"

சுப்பராயன் கையேட்டை எடுத்துப் புரட்டினார். அதைப் பற்றி அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.